கோலியும் மகுடமும்: சீசா மூடியின் வரலாறு



ஜாடிக்கு ஏற்ற மூடி என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பெரும்பாலும் கணவன் மனைவியரைக் குறித்தே அப்பழமொழி வழங்குகிறது. ஆயினும் அதனை உள்ளது உள்ளவாறே பொருள் கொண்டால், அதற்குள் ஒரு தொழில் வரலாறு அடங்கியிருப்பதைக் காணலாம். பாண்டத்தைச் செய்வதில் மனிதன் விரைவிலேயே தேர்ச்சி பெற்றான். அதன் வாயை அடைக்கக் கற்பதற்கோ அவனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. மூடியிடம் நாம் எதிர்பார்ப்பவை ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பணிகள். வேண்டாதபோது அது சிறிதும் இடம் கொடுக்கலாகாது. வேண்டும்போது தயங்காமல் திறக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதுதான் இத்தொழிலின் முழுச் சிக்கலும்.

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு எளிய விடைகள் முன்பே இருந்தன. ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியை வைத்து வேடு கட்டினார்கள். துணி தூசியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. காசி யாத்திரை செய்தோர் கங்கை நீரைச் செம்பில் நிரப்பி, அதன் வாயை ஈயத்தால் பற்றவைத்துக் கொண்டு வந்தார்கள். அது நீரைக் காத்தது, ஆனால் உடைத்தாலன்றித் திறவாது. முன்னது எளிதில் திறக்கும், முழுதும் காவாது. பின்னது முழுதும் காக்கும், எளிதில் திறவாது.

ஐரோப்பாவில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருளாக வாய்த்தது தக்கை. போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரிந்து கண்ணாடியின் கழுத்தை இறுகப் பற்றும். பிரான்சு நாட்டுச் சமையற்கலைஞர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிச் சீசாக்களில் இட்டு, தக்கையால் அடைத்துக் கம்பியால் கட்டி, கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அம்முறையை நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 1810-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் வழங்கியது. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, நல்ல மூடி ஒன்று உணவைக் காத்து நின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆனால் தக்கைக்கு ஒரு புதிய பகை தோன்றியது. 1767-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர் நீரில் கரியமில வாயுவைக் கரைத்துக் காட்டினார். 1783-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஜேக்கப் ஷ்வெப் அதனை ஒரு வணிகமாகவே தொடங்கினார். சோடா நீர் பிறந்தது. சீசாவுக்குள் அடைபட்ட வாயு ஓயாமல் மூடியை வெளியே தள்ளும். தக்கை உலர்ந்து சுருங்கினாலோ, வாயு மெல்ல நழுவிவிடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்கவேண்டும் என்பதற்காக, நிமிர்ந்து நிற்கவே இயலாதபடி முட்டை வடிவில் அடி குவிந்த சீசாக்களை ஆங்கிலேயர் செய்தார்கள். படுக்க வைத்தால்தான் அது கிடக்கும். கிடந்தால் தக்கை நனையும். ஒரு மூடியின் குறையை மறைக்கப் பாத்திரத்தின் உருவமே மாறவேண்டி வந்தது.

இங்கிலாந்தில் தக்கை வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைரம் காட் என்பவர் இதனை வேறு விதமாக நோக்கினார். மூடியைத் தள்ளும் வாயுவையே மூடியைக் காக்கும் வாயிற்காவலனாக நியமித்தால் என்ன? 1872-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற சீசாவின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி இருந்தது. வாயின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம் பதிந்திருந்தது. சீசாவைத் தலைகீழாகப் பிடித்து வாயு கலந்த நீரை நிரப்பினால் கோலி உருண்டு வாய்க்கு வரும். உள்ளிருக்கும் அழுத்தம் அதனை வளையத்தோடு இறுக்கிவிடும். அழுத்தம் மிகுதியாக, அடைப்பும் மிகுதியாகும். திறக்க வேண்டுமாயின் கட்டைவிரலாலோ மரக்குமிழாலோ கோலியை உள்ளே அமிழ்த்தினால் போதும். கழுத்தின் கீழ்ப்புறம் குறுக்கப்பட்டிருப்பதால் கோலி அடிக்கு வீழாது. ஒரு பக்கத்தில் உள்ள இரு பள்ளங்கள், நீரை ஊற்றும்போது கோலி மீண்டும் வந்து வாயை அடைக்காமல் அதனைப் பிடித்துக்கொள்ளும்.

இதுவே நாம் யாவரும் அறிந்த கோலி சோடா. இங்கிலாந்தில் தோன்றிய இச்சீசா அங்கே வழக்கொழிந்த பின்னும் இந்தியாவிலும் ஜப்பானிலும் நிலைபெற்றது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அது கோலி சோடாவே. மராட்டியர் அதனைக் கோட்டி சோடா என்பர். டில்லியின் வீதிகளில் அதன் பெயர் பண்ட்டா. அச்சொல்லுக்கும் கோலிக்குண்டு என்றே பொருள். வடநாட்டில் வாழும் தமிழர் மொழி தெரியாத கடைவீதியில் நிற்கும்போதும், கோலி உள்ளே அமிழும் அந்த ஓசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. தடித்த மூக்குக் கண்ணாடியைச் சோடாபுட்டி என்று நாம் கேலி செய்வதும், அழுத்தத்தைத் தாங்கும் பொருட்டுத் தடிப்பாக வார்க்கப்பட்ட இச்சீசாவின் நினைவாகத்தான்.

கோலி சோடாவின் சிறப்பு அதன் சிக்கனம். மூடிக்கெனத் தனிச் செலவு இல்லை. கையால் சுழற்றும் ஓர் இயந்திரமும், வாயு உருளையும், சில பெட்டிச் சீசாக்களும் இருந்தால் ஒரு சிற்றூரிலேயே தொழில் நடத்தலாம். ஆனால் குறைகளும் இருந்தன. கழுத்துக்குள் கோலி கிடப்பதால் கழுவும் தூரிகை எளிதில் நுழையாது. சீசாவை வார்ப்பதும் கடினம். கோலிக்கு ஆசைப்பட்டுச் சீசாவை உடைத்த சிறுவர்களும் எல்லா நாடுகளிலும் இருந்தார்கள்.

காட் பிறந்த அதே 1838-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர் வில்லியம் பெயின்டர். பால்டிமோர் நகரில் பொறியாளராக விளங்கிய இவர், 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் மகுட மூடிக்குக் காப்புரிமை பெற்றார். தகரத் தகட்டில் வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்து, உள்ளே மெல்லிய தக்கை வில்லையைப் பதித்து, சீசாவின் உதட்டின் மேல் வைத்து நெரித்துவிடுவதே அம்முறை. கவிழ்த்த கிரீடம் போல் இருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. தொடக்கத்தில் அதன் விளிம்பில் 24 பற்கள் இருந்தன. பின்னர் 21 பற்கள் என்பது வழக்கமாயிற்று. நம் சிறுவர் பொறுக்கி விளையாடிய சோடா மூடி இதுவே. ஆயினும் இம்மூடி பொருந்த எல்லாச் சீசாக்களின் உதடும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903-ஆம் ஆண்டில் உருவாக்கிய தானியங்கிச் சீசா இயந்திரம் அதற்கு வழி செய்தது. அதன்பின் கோலிச் சீசா பின்வாங்கியது.

இவ்விரு மூடிகளுக்கும் இடையே வடிவ வேறுபாட்டினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. காட் செய்த மூடி சீசாவோடு பிறந்து சீசாவோடு முடிவது. பெயின்டர் செய்த மூடி ஒரே முறை பயன்பட்டு எறியப்படுவது. பெயின்டரின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த ஒருவரிடம், பயன்படுத்தி எறிந்துவிட்டு மறுபடியும் வாங்கும்படியான பொருளைக் கண்டுபிடிக்குமாறு அவர் அறிவுரை கூறியதாகச் சொல்வர். அவ்விற்பனையாளர் கிங் ஜில்லெட். அவர் கண்டது, 1904-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சவர அலகு. இன்றைய எறியும் நாகரிகத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று ஒரு சீசா மூடியில் இருந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடியின் கடமை மேலும் கடுமையாயிற்று. எளிதில் திறக்கும் மூடியே உயிருக்கு உலையாகவும் கூடும் என்பதை உலகம் உணர்ந்தது. கனடாவின் வின்ட்சர் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த ஹென்றி புரோ, மாத்திரைகளை மிட்டாய் என எண்ணி விழுங்கிய குழந்தைகளைக் கண்டு மனம் நொந்தார். அவரது முயற்சியால் 1967-ஆம் ஆண்டில் ஒரு மூடி உருவாயிற்று. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால்தான் அது திறக்கும். இரு செயல்களையும் ஒருங்கே செய்யும் திறன் சிறு குழந்தைக்கு இல்லை. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா இத்தகைய மூடிகளை வற்புறுத்தும் சட்டம் இயற்றியது. 1982-ஆம் ஆண்டில் சிகாகோ வட்டாரத்தில் மாத்திரைப் புட்டிகளில் எவரோ நஞ்சு கலந்ததால் எழுவர் மாண்டனர். அதன்பின், ஒருமுறை திறந்தால் திறந்ததைக் காட்டிக்கொடுக்கும் உறைகள் அங்கு மருந்துகளுக்குக் கட்டாயமாயின. திருகும்போது கீழ்வளையம் அறுபடும் மூடியும் அதே நோக்கம் கொண்டது. தண்ணீர்ப் புட்டியை வாங்கும்போது அவ்வளையத்தை நாம் உற்றுப் பார்ப்பதன் காரணம் இதுவே.

இங்கு இல்லத்தரசிகளுக்கும் இல்லத் தலைவர்களுக்கும் ஒன்று கூற வேண்டும். மண்ணெண்ணெயையும் தரை துடைக்கும் திரவத்தையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எத்தனை அறிஞர் கூடி நல்ல மூடி செய்தாலும், புட்டியின் உருவைக் கண்டு ஏமாறும் குழந்தையை அம்மூடி காக்க முடியாது. நஞ்சு அதற்குரிய கலத்திலேயே இருக்கட்டும். அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

வரலாறு சில வேளைகளில் சென்ற வழியே திரும்பி வருகிறது. கடற்கரைகளில் பிளாஸ்டிக் மூடிகள் குவிவது கண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தது. அதன்படி 2024-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் முதல், 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் புட்டிகளின் மூடி, திறந்த பின்னும் புட்டியோடு ஒட்டியே இருத்தல் வேண்டும். மூடி கலத்தை விட்டுப் பிரியலாகாது என்ற இக்கருத்தைத்தான் 1872-ஆம் ஆண்டிலேயே ஒரு கண்ணாடிக் கோலி உணர்த்தியது. அக்கோலிச் சீசாவையே 2025-ஆம் ஆண்டில் இந்தியா வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததும் ஒரு பொருத்தமே.

ஒரு சமுதாயம் எதனைக் காக்க விரும்புகிறது, எதனை எறிய விரும்புகிறது என்பதை அதன் மூடிகளைக் கொண்டே அறியலாம். ஜாடிக்கு ஏற்ற மூடியைத் தேடினால் மட்டும் போதாது. அந்த மூடி நாளை எங்கே கிடக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.