புதுச்சேரி வெயிலுக்கு கெட்டியான என்ஜின் ஆயில் தேவையா? டப்பாவில் உள்ள 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 சொல்வது என்ன?

கத்திரி வெயில் தொடங்கினாலே மெக்கானிக் ஷெட்களில் ஒரு பேச்சு அடிபடும். "அண்ணே, வெயில் ஜாஸ்தியா இருக்கு, இந்தவாட்டி கொஞ்சம் திக்கான ஆயிலா ஊத்துங்க" என்பார் ஒருவர். ஐப்பசி மழை வந்ததும் அதே ஆள், "லேசான ஆயில் போட்டா பிக்கப் நல்லா இருக்குமாமே?" என்று கேட்பார். இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் என்ஜின் சீஸ் ஆவதும், கிளட்ச் வழுக்குவதும், மைலேஜ் குறைவதும் இருக்கிறது.

டபிள்யூ என்றால் வெயிட் இல்லை

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். இது அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பு வகுத்த கிரேடு. டபிள்யூ என்பதை 'வெயிட்' என்று பலர் நினைக்கிறார்கள். அது 'வின்டர்', அதாவது குளிர்காலம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், கடும் குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறைந்தால் குளிரில் இளக்கம் அதிகம். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

புதுச்சேரியில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜனவரியில் ஊட்டிக்கு வண்டியை எடுத்துப் போய், உறைபனியில் காலையில் ஸ்டார்ட் செய்தாலும் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில்தான். ஆக, 'குளிர்காலத்துக்குத் தனி ஆயில்' என்பது நம்மூருக்குப் பொருந்தாத கவலை. ஒரே கிரேடு ஆயில்கள் மட்டும் கிடைத்த காலத்தில், குளிர் நாடுகளில் கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மாற்றினார்கள். இரண்டு எண் உள்ள மல்டிகிரேடு ஆயில் வந்ததே அந்த அலைச்சலை நிறுத்தத்தான்.

அதற்காக முதல் எண்ணை ஒதுக்கிவிடவும் முடியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏற வேண்டும். அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. தேய்மானத்தில் பெரும் பங்கு இந்தச் சில நொடிகளில்தான். இளகிய ஆயில் நம்மூர்க் காலையிலும் சீக்கிரம் மேலே போய்ச் சேரும்.

இரண்டாவது எண்தான் வெயிலுக்கு

கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 30, 40, 50 என்பது ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கானது. செண்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. சூடு ஏறினால் எந்த ஆயிலும் இளகும், தோசைக்கல்லில் விட்ட நெய் மாதிரி. 10டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் 70 செண்டிஸ்டோக்ஸ் அளவில் இருந்து, 100 டிகிரிக்குப் போகும்போது 10 அல்லது 11-க்கு இறங்கிவிடும். அந்த நிலையிலும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்க வேண்டும். படலம் அறுந்தால் என்ஜின் காலி.

அப்படியானால் 40 டிகிரி வெயிலுக்கு 50 கிரேடு ஊற்றலாமே? இங்கே காரையும் பைக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காரில் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, கூலன்ட் 90 டிகிரியை ஒட்டியே ஓடும். அதனால் வெயிலை மட்டும் பார்த்து கிரேடு மாற்ற வேண்டிய அவசியம் காருக்கு அநேகமாக வராது. புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மிக இளகிய ஆயிலையே கம்பெனிகள் சொல்கின்றன. "தண்ணி மாதிரி இருக்கே, இது தாங்குமா?" என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றினால், அந்த என்ஜினின் குறுகிய ஆயில் துளைகளில் அது மெதுவாகத்தான் போகும். மைலேஜும் அடிபடும்.

பைக், ஸ்கூட்டர் கதை வேறு. பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. மே மாத மதியத்தில் இந்திரா காந்தி சதுக்கத்திலும் ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் சிக்னலில் நின்று நின்று போகும்போது காற்று ஓட்டம் கிடையாது. என்ஜின் சூடு நேராக ஆயிலில் ஏறும். 110 சிசி வண்டியில் இருப்பதோ ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதில் 100 மில்லி குறைந்தாலே மீதி ஆயில் கூடுதலாகக் கொதிக்கும். வெயில் காலத்தில் கிரேடை மாற்றுவதைவிட, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்ப்பது அதிகப் பலன் தரும். இதைச் செய்பவர்கள்தான் குறைவு.

கிரேடு எது என்பதற்குப் பதில் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. ஹோண்டா ஆக்டிவாவுக்கு 10டபிள்யூ-30, ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50 என்று கம்பெனியே சொல்லிவிடுகிறது. சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் காட்டும் பட்டை இருக்கும். அந்தப் பட்டைக்குள் கோடைக்கு ஒரு படி கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அதைத் தாண்டக் கூடாது. லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு மெக்கானிக் ஒரு படி ஏற்றச் சொன்னால், அது சத்தத்தையும் புகையையும் கொஞ்சம் குறைக்கும். தேய்ந்த ரிங்கைச் சரி செய்யாது.

இன்னொன்று: கிரேடு சரியாக இருந்தாலும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றக் கூடாது. கியர் பைக்கில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் முழுகியிருக்கும். அதற்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை வேண்டும். வழவழப்பு கூடுதலான ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் முழுகாது என்பதால் அதற்கு எம்.பி. போதும்.

குட்டி ஊர், குட்டிப் பயணம்

நேரு வீதியில் காய் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, கடற்கரை வரை ஒரு சுற்று. புதுச்சேரி டவுனுக்குள் பல வண்டிகள் ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டுவதில்லை. "வண்டி அதிகம் ஓடவே இல்லை, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. நிஜத்தில் இது என்ஜினுக்குக் கடினமான ஓட்டம். ஆயில் முழுசாகச் சூடேறாததால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறுவதில்லை. மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ஃபில்லர் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருக்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் கையேட்டில் சொன்ன மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்டது. அப்படித் தண்ணீரில் முழுகிய வண்டிக்கு எந்த கிரேடு ஆயிலும் உதவாது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதுதான் பெரிய தப்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண வாகன இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு திடீரென ஏறியிருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் ஷெட்டுக்குப் போக வேண்டும். ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயிலில் சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றுவார்கள். ஒரே தடவையில் ஈரம் முழுசாகப் போகாது. ஸ்கூட்டராக இருந்தால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் ஆயில் தனியாக இருக்கும். அதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பலரும் மறப்பது அதைத்தான்.