1971: வங்கதேசத்துப் பெண்களும் போரின் பதிவேடும்

1947இல் பாகிஸ்தான் உருவானபோது, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் இந்திய நிலப்பரப்பால் பிரிக்கப்பட்டிருந்த அதன் இரு பகுதிகளையும் ஒரே நாடாகப் பிணைப்பதற்கு மதத்தைத் தவிர வேறு எதுவும் ஆட்சியாளர்களின் கையில் இருக்கவில்லை. மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கு வங்கத்தில் வாழ்ந்தனர். ஆனால் அவர்கள் பேசிய மொழியும் பாடிய பாட்டும் உடுத்திய உடையும் மேற்குப் பகுதியின் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் அன்னியமாகத் தெரிந்ததோடு, இந்து சமயத்தின் சாயல் படிந்தவை என்ற ஐயத்தையும் எழுப்பின. 1971இல் ஒன்பது மாதங்கள் நீடித்த போரின்போது பாகிஸ்தான் ராணுவமும் அதன் மதவாதத் துணைப்படைகளும் பெண்கள்மீது நிகழ்த்திய வன்முறையைப் போர்க்களத்தில் கட்டுப்பாடு குலைந்ததன் விளைவாக மட்டும் விளக்க முயல்வோர், அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் வங்க முஸ்லிம் பெண்ணின் தோற்றமே அவளுடைய சமூகத்தின் சமயப் பற்றை அளக்கும் அளவுகோலாக ஆக்கப்பட்டிருந்ததைக் காணத் தவறிவிடுகின்றனர்.

1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழிக்காகப் போராடியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், பண்பாடே அரசியல் எதிர்ப்பின் முதன்மைக் களமாயிற்று. 1961இல் தொடங்கப்பட்ட ‘சாயாநட்’ என்னும் இசை அமைப்பில் கவிஞர் சூஃபியா கமாலும் பாடகி சன்ஜிதா காத்தூனும் முன்னின்றனர். 1967இல் தகவல்துறை அமைச்சர் காஜா ஷகாபுத்தீன் பாகிஸ்தானின் பண்பாட்டு விழுமியங்களுக்கு ஒவ்வாத தாகூர் பாடல்கள் வானொலியில் இடம்பெறமாட்டா என்று அறிவித்தபோது, டாக்காவின் அறிவாளர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தனர். நெற்றியில் பொட்டும் உடலில் சேலையுமாக மேடையேறித் தாகூரைப் பாடிய முஸ்லிம் பெண், வங்காளிகளின் பார்வையில் தன் மொழியின் மகளாகவும், ராவல்பிண்டியிலிருந்த ஆட்சியாளர்களின் பார்வையில் முழுமையாக இஸ்லாத்துக்கு வராத ஒரு மக்களின் சான்றாகவும் தோன்றினாள். அதிபர் அயூப் கானே 1967இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் வங்காளிகள் இந்துப் பண்பாட்டின் செல்வாக்கிலிருந்து விடுபடவில்லை என்ற கருத்தை எழுதினார்.

இங்கே ஒரு சிக்கலைக் குறிப்பிட வேண்டும். அயூப் கானின் ராணுவ ஆட்சி மதவாதிகளின் ஆட்சியாக இருக்கவில்லை. 1961இல் அது கொண்டுவந்த முஸ்லிம் குடும்பச் சட்ட ஆணை பலதார மணத்துக்கும் ஒருதலைப்பட்சமான மணமுறிவுக்கும் வரம்பு விதித்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஜமாஅத்தே இஸ்லாமி கட்சியினர் முன்வரிசையில் நின்றனர். படையும் மதவாதக் கட்சியும் இயல்பான கூட்டாளிகள் அல்லர். வங்காளிகளின் தன்னாட்சிக் கோரிக்கை நாட்டின் ஒருமைக்கு அச்சுறுத்தலாகத் தோன்றிய பிறகே, ஒன்றின் துப்பாக்கியும் மற்றொன்றின் சொல்லும் ஒரே நோக்கத்துக்குப் பயன்படத் தொடங்கின.

1970 டிசம்பர் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக், கிழக்குப் பகுதியின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்று நாடாளுமன்றப் பெரும்பான்மையைப் பெற்றது. ஆட்சி கைமாறவில்லை. 1971 மார்ச் 25 இரவில் ‘ஆபரேஷன் சர்ச்லைட்’ என்ற பெயரில் டாக்காவில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் பல்கலைக்கழகமே முதல் இலக்குகளுள் ஒன்றாயிற்று. இந்து மாணவர்கள் தங்கியிருந்த ஜகந்நாத் மண்டபத்தோடு, வங்க முஸ்லிம் பெண்கல்வியின் முன்னோடியான பேகம் ரொக்கேயாவின் பெயர் தாங்கிய மகளிர் விடுதியும் தாக்கப்பட்டது.

அடுத்த மாதங்களில் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் படை பரவியபோது, பெண்கள்மீதான வன்முறை மூன்று வடிவங்களில் நிகழ்ந்தது. ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களைக் கொன்று வீடுகளுக்குத் தீ வைக்கும் தேடுதல் வேட்டையின்போது குடும்பத்தார் முன்னிலையிலேயே நடந்த வன்புணர்வு ஒன்று. படைமுகாம்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பிடித்துச் செல்லப்பட்ட பெண்களை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைத்தது இன்னொன்று. ஊரில் உள்ள கூட்டாளிகள் குறிப்பிட்ட வீடுகளை அடையாளம் காட்டி அங்குள்ள பெண்களைப் படையினரிடம் ஒப்படைத்தது மற்றொன்று. கராச்சிப் பத்திரிகையாளர் அந்தோணி மாஸ்கரென்ஹாஸ் குமில்லாவில் படைப்பிரிவு ஒன்றோடு சுற்றிவந்து, பின்னர் லண்டனுக்குத் தப்பி, 1971 ஜூன் 13 ‘சண்டே டைம்ஸ்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை, அதிகாரிகள் இந்த அழித்தொழிப்பை ஒரு தூய்மைப்படுத்தும் பணியாகவே பேசிக்கொண்டதைப் பதிவுசெய்தது. ஆண்களின் ஆடையைக் களைந்து விருத்தசேதனம் செய்யப்பட்டவரா என்று சோதித்தவர்கள், பெண்களைப் பொறுத்தவரை அப்படியொரு சோதனையைக் கூடத் தேவையென்று கருதவில்லை. இந்துப் பெண்கள் சமயத்தின் பெயரால் குறிவைக்கப்பட்டனர் என்பது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் பெண்களும் பேரளவில் இருந்தனர் என்பதே, இஸ்லாத்தைக் காப்பதற்கான போர் என்ற முழக்கத்தின் உள்ளீடின்மையை வெளிப்படுத்துகிறது.

மொழியும் நிலமும் அறியாத ஒரு படைக்கு உள்ளூர் அறிவைக் கொடுத்தவை துணைப்படைகளே. 1971 ஏப்ரலில் அமைக்கப்பட்ட அமைதிக் குழுக்கள் ஊர்ப் பெரியவர்களையும் மதவாதக் கட்சிக்காரர்களையும் படையோடு இணைத்தன. அவற்றைத் தொடர்ந்து ரசாக்கர் படை சட்டப்படியே உருவாக்கப்பட்டது. தன்னார்வத் தொண்டர் என்னும் பொருள்படும் அப்பெயரை, 1948 வரை ஐதராபாத் நிஜாமுக்காகப் போரிட்ட காசிம் ரஸ்வியின் ஆட்கள் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்திருப்பர். ஜமாஅத்தே இஸ்லாமியின் மாணவர் அமைப்பிலிருந்து திரட்டப்பட்ட அல்-பதர் என்னும் படை, படிப்பறிவும் கொள்கைப் பிடிப்பும் கொண்ட இளைஞர்களால் ஆனது. நபிகள் நாயகம் காலத்துப் பத்ருப் போரின் பெயரைச் சூட்டியதன்மூலம் சக முஸ்லிம்களுக்கு எதிரான உள்நாட்டு அடக்குமுறைக்குப் புனிதப் போரின் தோற்றம் தரப்பட்டது. போர் முடிவதற்கு முந்தைய நாள்களில் அறிவாளர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றதில் இப்படைக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாறு கொல்லப்பட்டவர்களுள் ‘சிலாலிபி’ இதழை நடத்திய செலினா பர்வீனும் ஒருவர். குற்றத்தைப் படைவீரர்கள்மீது மட்டும் சுமத்திவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்த கதைகள் மறைந்துபோகும் என்பதைப் பிற்கால வங்கதேச அரசியல் நன்றாகவே புரிந்துவைத்திருந்தது.

1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்ததும், தோல்வியின் காரணங்களை ஆராயப் புதிய அதிபர் ஜுல்பிகார் அலி பூட்டோ நியமித்த ஹமூதுர் ரகுமான் ஆணையம், கிழக்குப் பகுதியின் தளபதியாக இருந்த நியாஜியின் ஒழுக்கக்கேடு பற்றியும் படையினரின் கொடுமைகள் பற்றியும் ராணுவ அதிகாரிகளிடமிருந்தே சாட்சியங்களைப் பெற்றது. அந்த அறிக்கை 2000ஆம் ஆண்டு வரை வெளிவரவில்லை. அதே அறிக்கை, 2,00,000 பெண்கள் பாதிக்கப்பட்டனர் என்ற வங்கதேச அரசின் எண்ணை மறுத்து, பிரிட்டனிலிருந்து 1972இல் வந்த மருத்துவக் குழு நூற்றுச் சொச்சம் கருக்கலைப்புகளையே செய்தது என்பதை ஆதாரமாகக் காட்டியது. உயிர்தப்பாதவர்களையும், கருவுறாதவர்களையும், ஊர் மருத்துவச்சியிடம் சென்றவர்களையும், எவரிடமும் செல்லாமல் வாய்மூடியவர்களையும் இந்தக் கணக்குமுறை ஒரேயடியாக விலக்கிவிடுகிறது. எனினும், 2,00,000 என்ற எண்ணும் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பின் விளைவு அன்று. எண்ணிக்கை பற்றிய ஐம்பதாண்டுச் சச்சரவு இரு தரப்பு அரசியலுக்கும் பயன்பட்டிருக்கிறதே ஒழிய, அப்பெண்களைப் பற்றிய அறிவை அது வளர்க்கவில்லை.

விடுதலைக்குப் பின் வங்கதேசத்தின் புதிய அரசு செய்த முதற்செயல்களுள் ஒன்று, உலக வரலாற்றிலேயே அரிதானது: வன்புணர்வுக்கு ஆளான பெண்களை ‘பீராங்கனா’, அதாவது வீராங்கனை, என்று பொதுவெளியில் அறிவித்துப் பெருமைப்படுத்தியது. பிற நாடுகள் போரில் பாதிக்கப்பட்ட தம் பெண்களை அவமானமாகக் கருதி மறைத்த காலத்தில் எடுக்கப்பட்ட இந்த முடிவின் துணிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளப் பெரும்பாலோருக்குத் துணிவு வரவில்லை. வீட்டு வாசலில் அது சாதிப்பெயர்போல் ஒட்டிக்கொண்டு, இவள் இன்னது நேர்ந்தவள் என்று ஊருக்கு அறிவிக்கும் அடையாளமாயிற்று.

1972இன் தொடக்கத்தில் நீதிபதி கே. எம். சோபான் தலைமையில் அமைந்த மகளிர் மறுவாழ்வு வாரியம், சேவா சதன் என்ற பெயரில் மருத்துவ நிலையங்களையும் தொழிற்பயிற்சி மையங்களையும் திறந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றமாக இருந்தும், அரசு அத்தடையைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. கரு முதிர்ந்த நிலையில் வந்தவர்களே மிகுதி என்பதால் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜெஃப்ரி டேவிஸ் போன்றவர்களின் உதவி தேவைப்பட்டது. பிறந்துவிட்ட குழந்தைகளுக்காகக் கைவிடப்பட்ட குழந்தைகள் சிறப்பு ஆணை 1972இல் பிறப்பிக்கப்பட்டு, வெளிநாட்டவர் தத்தெடுக்க வழி திறக்கப்பட்டது. அன்னை தெரசாவின் சகோதரிகள் டாக்காவில் நடத்திய இல்லத்திலிருந்து அவ்வாண்டு ஜூலையில் 15 குழந்தைகள் கனடாவுக்குச் சென்றனர். ஒரு தாய் தன் குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பினாளா என்ற கேள்வி இந்த ஏற்பாடுகளில் எங்கும் மையமாக இருக்கவில்லை. பகைவனின் இரத்தம் நாட்டில் தங்கக் கூடாது என்பதே முதற்கவலையாயிற்று. சமூகம் அவளை ஏற்காது என்ற கவலையும் உண்மையானதுதான் என்றாலும், இரண்டும் ஒரே முடிவுக்கே இட்டுச்சென்றன.

இவர்களுக்குத் திருமணம் செய்துவைக்கும் இயக்கமும் நடத்தப்பட்டது. முன்வந்த ஆண்கள் சிலரின் கோரிக்கைகள் சிவப்பு நிற ஜப்பானியக் காரில் தொடங்கித் தம்முடைய அச்சேறாத கவிதைகளைப் பதிப்பித்துத் தருவதுவரை நீண்டன என்று அரசு அலுவலர் ஒருவர் அக்காலத்தில் குறைபட்டுக்கொண்டது பெண்ணிய எழுத்தாளர் சூசன் பிரவுன்மில்லரின் நூலில் பதிவாகியுள்ளது. மதவாதம் பெண்ணின் உடலைச் சமூகத்தின் மானமாகக் கண்டது என்றால், மதச்சார்பற்ற புதிய தேசமும் அதே மானத்தைத் திருமணத்தின்மூலம் மீட்கவே முயன்றது.

சட்டம் மட்டும் காலத்தை முந்தி நின்றது. 1973 ஜூலையில் இயற்றப்பட்ட சர்வதேசக் குற்றங்கள் (தீர்ப்பாயங்கள்) சட்டம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் வன்புணர்வைப் பெயர்சொல்லியே சேர்த்தது. நூரம்பெர்க் தீர்ப்பாயத்தின் சாசனத்தில் இல்லாத இச்சொல், யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் சட்டத்தில் இடம்பெற்றது 1993இல்தான். இவ்வளவு முன்னேறிய சட்டம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒருவரையும் கூண்டில் ஏற்றவில்லை. 1974 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, விசாரணைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 195 பாகிஸ்தான் படையினர் நாடு திரும்பினர். உள்நாட்டுக் கூட்டாளிகளுக்கு 1973 நவம்பரில் தரப்பட்ட பொதுமன்னிப்பு கொலை, வன்புணர்வு, தீவைப்பு ஆகிய குற்றங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு இருந்தபோதிலும், 1975 ஆகஸ்டில் நாட்டின் தலைவராக இருந்த முஜிப் கொல்லப்பட்டு, ஆண்டின் இறுதியில் கூட்டாளிகள் மீதான சட்டமே நீக்கப்பட்டதும் அந்த விலக்கும் பொருளற்றுப்போயிற்று. தடைசெய்யப்பட்டிருந்த மதவாதக் கட்சிகள் மீண்டும் சட்டபூர்வமாயின; 1988இல் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் இஸ்லாத்தை அரசு மதமாக்கியபோது, ‘நாரிபக்கோ’ என்னும் பெண்கள் அமைப்பு அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

1992 மார்ச் 26 அன்று, போரில் மகனை இழந்த எழுத்தாளர் ஜகனாரா இமாம் போர்க்காலக் கூட்டாளிகளை அடையாளமாக விசாரிக்க டாக்காவில் கூட்டிய மக்கள் நீதிமன்றத்துக்குக் குஷ்டியா மாவட்டத்திலிருந்து ஏழைப் பெண்கள் மூவர் அழைத்துவரப்பட்டனர். அவர்களுடைய படம் செய்தித்தாள்களில் வெளியான பின்னர் சொந்த ஊரில் அவர்கள் ஏச்சுக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாயினர் என்பதை மானுடவியலாளர் நயனிகா முகர்ஜி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நல்ல நோக்கம் கொண்ட இயக்கமும் அப்பெண்களைச் சாட்சிப் பொருளாகவே மேடையேற்றியது. அதற்கு மாறாக, மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டிருந்த நீலிமா இப்ராஹிம் 1990களில் வெளியிட்ட ‘நான் வீராங்கனை பேசுகிறேன்’ என்ற பொருள்படும் நூல், பெயர்களை மறைத்துக் குரல்களைக் காத்தது. 1999இல் சிற்பி ஃபெர்தௌசி பிரியபாஷினி தமக்கு நேர்ந்ததைத் தம் பெயரிலேயே பொதுவில் பேசினார். கல்வியும் கலைப்புகழும் உடைய நடுத்தர வகுப்புப் பெண்ணாலேயே அன்று அதைத் தாங்க முடிந்தது.

2010இல் டாக்காவில் இயங்கத் தொடங்கிய தீர்ப்பாயம் ஜமாஅத்தே தலைவர்கள் பலரைத் தண்டித்தது. வழக்கு நடைமுறையின் குறைகள் பற்றியும் மரண தண்டனைகள் பற்றியும் பன்னாட்டு மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கண்டனங்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. வன்புணர்வுக் குற்றச்சாட்டையும் உள்ளடக்கிய வழக்கில் 2014இல் மரண தண்டனை பெற்ற, அக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான அசாருல் இஸ்லாமை, ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2025 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. இதற்கிடையில், 2015 அக்டோபரில் நாற்பதுக்கும் மேற்பட்ட பீராங்கனாக்கள் அரசிதழில் விடுதலைப் போராளிகளாக அறிவிக்கப்பட்டு, மாத உதவித்தொகைக்கு உரியவர்களாயினர். போர் முடிந்த காலத்தில் வழங்கப்பட்ட 676 வீர விருதுகளில் பெண்களுக்குக் கிடைத்தவை இரண்டே என்பதோடு ஒப்பிட, இது காலம் தாழ்ந்த திருத்தமே.

அந்த அரசிதழ் பாகிஸ்தான் படையினராலும் அவர்தம் கூட்டாளிகளாலும் துன்புறுத்தப்பட்ட பெண்களை மட்டுமே பீராங்கனாக்களாக வரையறுக்கிறது. 1971 மார்ச் மாதத்திலும் சரணடைதலுக்குப் பிந்தைய வாரங்களிலும் வங்காளிக் கும்பல்களும் ஆயுதக் குழுக்களும் உருது பேசும் பிகாரி சமூகத்தின் குடியிருப்புகளைத் தாக்கியபோது அச்சமூகத்துப் பெண்களுக்கு நேர்ந்ததை வரலாற்றாசிரியர் யாஸ்மின் சைக்கியா அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறார். டாக்காவின் முகமதுபூர் ஜெனிவா முகாமிலும் பிற முகாம்களிலும் வாழ்ந்துவரும் அச்சமூகத்தினருக்கு 2008இல் உயர் நீதிமன்றம் குடியுரிமையை உறுதிசெய்தது. அவர்களின் பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.