கொங்காலேகொட பண்டா

கொங்காலேகொட பண்டா (1809–1849), 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியில் கண்டி அரசனாக முடிசூட்டப்பட்டவர். இயற்பெயர் டேவிட். பேலியகொடையில் பிறந்த இவர், கண்டி வீதியில் பொருள் ஏற்றி இறக்கும் தொழில் செய்து, பின்னர் உடுநுவரையில் குடியேறினார்.

1815இல் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமகாநுவரப் பக்கத்தில் பிடிபட்டதோடு கண்டி பிரித்தானியர் ஆட்சிக்குள் வந்தது. 33 ஆண்டுகள் கழித்து, ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். போதாக்குறைக்கு, ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து சேனையைக் காக்கத் துப்பாக்கியும் நாயும் வைத்திருந்த குடியானவனுக்கு இரண்டுமே செலவாகிப் போயின. ஜூலை 6ஆம் திகதி மக்கள் கண்டிக் கச்சேரி முன்னே திரண்டார்கள்.

ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் பண்டாவுக்கு முடிசூட்டு நடந்தது. கடைசி மன்னரின் பெயரைப் போலவே, 'ஸ்ரீ விக்கிரம' என்று தொடங்கும் பட்டப்பெயரை அவர் சூடிக்கொண்டார். மொறட்டுவையில் பிறந்த புரன் அப்பு அவருக்குத் தளபதியானார். அங்கிருந்து கூட்டம் மாத்தளைக்குச் சென்றது.

இந்தக் கிளர்ச்சியை வேறொன்றோடு ஒப்பிடலாம். ரஷ்யாவில் 1825இல் ஜார் மன்னருக்கு எதிராக எழுந்த இரகசியச் சங்கங்களை பாவெல் பெஸ்தெல் போன்ற பிரபுகுல அதிகாரிகளே நடத்தினார்கள். குடியானவர்கள் அதில் இல்லை. கண்டியில் நிலைமை நேர்மாறு. குடியானவர்கள் எழுந்தார்கள், பெரும்பாலான பிரதானிகள் ஒதுங்கி நின்றார்கள். சாமானியன் ஒருவன் அரசனாக நேர்ந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் என்ற பௌத்த பிக்குவைக் காவி உடையுடனேயே சுட்டார்கள். அந்தக் கொடுமை லண்டன் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. டொரிங்டன் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார்.

தலைக்கு விலை வைக்கப்பட்ட பண்டா எல்கடுவைக் குகையொன்றில் ஒளிந்திருந்தார். மடவளையிலிருந்து வத்தேகம தாண்டி ஏறினால் வரும் மலை அது. செப்டம்பர் 21ஆம் திகதி அங்கே பிடிபட்டார். கண்டியில் நடந்த விசாரணையில் குற்றத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். தூக்குத் தண்டனை, 100 கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. மலாக்காவுக்கு அனுப்பப்பட்ட அவர் 1849இல் இறந்தார்.