மலைக்காய்ச்சலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும்

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் சொல்லி முடிக்கிறார். சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இந்த நான்கும் போதும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் வாழ்கிற நம் மக்களுக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் வழி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வழி. மூணாறு, வண்டிப்பெரியாறு, மறையூர், பாலக்காடு, அட்டப்பாடி பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். இந்தக் கட்டுரை அந்த வழியின் வரலாறு.

அணை கட்டியவர்களின் காய்ச்சல்

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் சென்னை பயனியர் படைப்பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்குக் கிழக்கேயிருந்தும் ஏறிவந்த கூலியாட்களும் சேர்ந்து சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணையை எழுப்பினார்கள். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார்.

வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போன கதை எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் மனிதர்களை அடித்துக்கொண்டு போன கதை அவ்வளவாகத் தெரியாது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்பது பதிவான கணக்கு. அணைக்குச் சற்று வடக்கே உள்ள இடுகாட்டில் அவர்கள் புதைக்கப்பட்டார்கள்.

‘மலைக்காய்ச்சல்’ என்றுதான் நம்ம ஆட்கள் அதைச் சொன்னார்கள். மலைக்குப் போனால் வரும் காய்ச்சல், அதனால் அந்தப் பேர். இத்தாலியர்கள் ‘கெட்ட காற்று’ என்ற பொருளில் மலேரியா என்றார்கள். மலைமேல் பழி போட்டவர்களும் சரி, காற்றின்மேல் பழி போட்டவர்களும் சரி, கொசுவைச் சந்தேகிக்கவில்லை. மலேரியாக் கிருமியை அல்ஜீரியாவில் லாவரான் கண்டது 1880-இல். அது கொசுவுக்குள் வளர்வதைச் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20-இல், அதாவது அணை திறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து! ஆக அந்தக் கூலியாளுக்கும் சரி, அவருக்கு மருந்து கொடுத்தவருக்கும் சரி, எதிரி யார் என்றே தெரியாது. தெரிந்திருந்த மருந்து கொயினா ஒன்றுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கலன்று பென்னிகுயிக்கை நினைத்துக் கும்பிடுகிறார்கள். 2013 ஜனவரியில் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அது நியாயமான நன்றி. அந்த நன்றியில் ஒரு கைப்பிடியாவது காய்ச்சலில் போனவர்களுக்கும் சேரட்டும்.

கொயினா மரமும் தோட்டத்து ஆஸ்பத்திரியும்

அதே காலத்தில் வடக்கே கண்ணன்தேவன் மலைகளில் தோட்டங்கள் கிளம்பின. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ மலையைக் குத்தகைக்கு எடுத்தார். முதலில் அங்கே நட்டது தேயிலை மட்டும் இல்லை. காப்பியும் நட்டார்கள், கொயினா எடுக்கும் சின்கோனா மரமும் நட்டார்கள். காய்ச்சல் மலையிலேயே காய்ச்சல் மருந்தையும் பயிர் செய்து பார்த்திருக்கிறார்கள்! பிறகு தேயிலை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கங்காணிகள் மூலம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் போனார்கள்.

விடுதலைக்குப் பிறகு வந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்துதருவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த உரிமை வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் லயத்து வீடும் போகும், தோட்டத்து ஆஸ்பத்திரியும் போகும். மனுஷனுக்குச் சர்க்கரையும் இதய நோயும் புற்றுநோயும் வருவதோ பெரும்பாலும் அதற்கப்புறம்தான். அப்போது போக்கிடம் அரசு ஆஸ்பத்திரி.

மலேரியாவை விரட்டியதும் அரசுதான். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. டி.டி.டி. தெளிப்பால் 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை 1 லட்சம் அளவுக்குக் குறைந்தது. பிறகு ஒருமுறை தலைதூக்கினாலும் பழைய மலைக்காய்ச்சலின் பயம் போய்விட்டது.

கோடு போட்ட பிறகு

1956 நவம்பர் 1 வரை பாலக்காடும் அட்டப்பாடியும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. மலபார் மாவட்டத்து நோயாளி கோவைக்கோ சென்னைக்கோ போனால் அது வெளிமாநிலம் இல்லை. தெற்கே தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி போன்றோர் போராடியது வரலாறு. மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுக்காக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 1972 ஜனவரி 26-இல் அவை புதிய இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன.

யாருக்கு எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை நான் இங்கே திறக்கவில்லை. நோயாளி கண்ணால் மட்டும் பார்ப்போம். மறையூரிலிருந்து தெற்கே மூணாறும் வடக்கே உடுமலைப்பேட்டையும் ஏறத்தாழ ஒரே தூரம்தான், நாற்பது கிலோமீட்டர் அளவு. மூணாற்றில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு மலைப்பாதையில் சுமார் 140 கிலோமீட்டர். தேனிப் பக்கம் இறங்கினால் அதைவிடக் கிட்டம். 2004-இல் நிறுவப்பட்ட தேனி அரசு மருத்துவக் கல்லூரியை இந்தப் பக்கத்து ஜனங்கள் ‘க.விலக்கு ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்லுவாங்க. அதற்கு முன்னால் பெரிய நோய் என்றால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிதான். இடுக்கியில் 2014-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இடையில் அங்கீகாரம் இழந்து, 2022-இல்தான் மறுபடி மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்றது.

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தின் நிலை இன்னும் விசித்திரம். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த அந்த ஊருக்கு வண்டிப் பாதை தமிழ்நாடு வழியாக மட்டுமே உண்டு. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டித்தான் போக வேண்டும். தன் சொந்த மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கேரளப் பிரஜை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும்! அதே பரம்பிக்குளத்து அணையைத் தமிழ்நாடு பராமரிக்கிறது, அதன் தண்ணீர் ஒப்பந்தப்படி கிழக்கே வருகிறது. தண்ணீருக்கு இருக்கிற தெளிவான ஒப்பந்தம் நோயாளிக்கு இல்லை.

ஒரே சொல், இரண்டு நோய்

வழி என்பது ரோடு மட்டும் இல்லை, பாஷையும்தான். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். நமக்குப் பனி என்றால் மார்கழியில் பெய்வது. “பனி ஒத்துக்கலைம்மா” என்று நம்ம பாட்டி சொன்னால், மலையாள நர்ஸ் தெர்மாமீட்டரைத்தான் எடுப்பார். இதிலே ஆபத்து ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மலையாளத்தில் ‘வலிவு’ என்றால் மூச்சிழுப்பு, இளைப்பு நோய். நமக்கு ‘வலி’ என்றால் நோவு. ‘வலிப்பு’ என்றால் அது வேறே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் வலி, வலி என்று திணறும்போது எதிரே இருப்பவர் எதைப் புரிந்துகொள்கிறார் என்பதில் சில நிமிடங்கள் தங்கியிருக்கின்றன. மாரடைப்பில் சில நிமிடம் பெரிய காரியம். எல்லைப் பகுதி அரசு ஆஸ்பத்திரிகளில் இரண்டு மொழியும் பேசுகிற நர்சுகளும் அட்டெண்டர்களும் இந்த இடைவெளியைத் தினமும் அடைக்கிறார்கள். வள்ளுவர் சொன்ன ‘பக்கத்தில் இருப்பவர்’ இங்கே மொழிபெயர்ப்பாளரும்கூட.

அட்டப்பாடி: இரத்தத்தில் தங்கிய மலேரியா

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடியினரும், தமிழ், மலையாளக் குடியேறிகளும் வாழ்கிறார்கள். ஆனைக்கட்டி வழியாகக் கோவை பக்கம். மேற்கே மண்ணார்க்காடு போகக் கொண்டையூசி வளைவுகள்.

1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்பஷ் என்ற இருவர், நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ இரத்த அணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவில் ஆலிசன் இதன் காரணத்தை விளக்கினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்ற குழந்தையை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை. அதனால் காய்ச்சல் நிலங்களில் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. ஆனால் இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு அதுவே கொடிய நோய். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன, இரத்தம் குறைகிறது, எலும்பு எலும்பாக வலிக்கிறது. மலேரியா போய்விட்டது. அதை எதிர்த்து நின்ற உடம்பின் பழைய கவசம் இன்று நோயாக நிற்கிறது. அட்டப்பாடியிலும் இந்நோய் உண்டு. கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையின் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் நோய்களில் இது ஒன்று.

2013-இல் அட்டப்பாடி நாடு முழுவதும் பேசப்பட்டது வேறொரு துயரத்தால். அந்த ஓராண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்தபோது தெரியவந்தது தாய்மார்களின் இரத்தசோகையும் சத்துக்குறைவும், எடை குறைந்தும் மாதம் முந்தியும் பிறந்த குழந்தைகளும். நிலம் கைவிட்டுப் போய், ராகியும் சாமையும் தினையும் விளைந்த வயிற்றுக்கு ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சிய கதை அதன் பின்னால் இருக்கிறது. சுகாதாரக் குறியீடுகளில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கிய மாநிலத்தில் இது நடந்தது. பிறகு ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் வந்தன, ஆஸ்பத்திரி வசதிகள் பெருக்கப்பட்டன. ஆனாலும் குழந்தை பிறந்த பின் வார்டில் போராடும் டாக்டரால், ஒன்பது மாதம் முன்பே தொடங்கிய பசியை ஓர் ஊசியால் சரிசெய்ய முடியாது. அந்த ஆண்டு நமக்குச் சொன்னது அதுதான்.

எல்லை மூடிய நாட்கள்

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு. வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், ஆனைக்கட்டி, இந்தப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு என்று எல்லாச் சோதனைச்சாவடிகளும் இறுகின. கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்கள் வீட்டிலேயே நின்றார்கள். மே மாதத்தில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாற்றில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். தொற்றைத் தடுக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் கொரோனா வராத நோயாளிக்கும், மாதா மாதம் அந்தப் பக்கம் போய் மருந்து வாங்குகிறவருக்கும், மலைமேல் ஒரு கோடு உண்மையிலேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சாதாரண நாளிலும் அந்தக் கோடு காகிதத்தில் இருக்கிறது. மாநிலக் காப்பீட்டுத் திட்டம் என்றால் குடும்ப அட்டை எங்கே, வருமானச் சான்று எங்கே என்று கேட்பார்கள். அட்டை ஒரு மாநிலத்தில், கிட்டத்து ஆஸ்பத்திரி இன்னொரு மாநிலத்தில் என்றால் என்ன செய்வது?

வழி வீட்டுக்கும் வரலாம்

நல்லதையும் சொல்ல வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் கேரளம் முழுவதும் பரவியது. 2008-இல் அதற்கென்றே மாநில அரசு ஒரு கொள்கை வகுத்தது. ஊராட்சியின் நர்ஸ், குணமாகாத நோயில் படுத்திருப்பவரின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். மலைக்கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நோயாளியால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதபோது ஆஸ்பத்திரி அவரைத் தேடி வருகிறது.

நம் சங்கம் போன்றவையும் சின்னதாக ஒன்று செய்யலாம். மலையில் இருக்கும் உறவினர்களுக்கு, நோயின் பேர், அறிகுறி, சாப்பிடும் மருந்து ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு தாள் தயாரித்துக் கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துத் தொலைக்காமல் ஒரு பையில் பத்திரமாக வைக்கச் சொல்லலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெரியவங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்தப் பக்கம் இறங்குவதாக உத்தேசம் என்று கேட்டுவையுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.