திறாங்கும் அலவாங்கும்: எமது வீட்டு வாசல்களின் கதை

கடந்த சில வாரங்களாக ஊரில் எங்கு நின்றாலும் கதவு, பூட்டு, கமரா பற்றிய கதைதான். வெல்டிங் கடைகளில் கிறில் அடிக்க முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சரித்திரம் படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் இதில் நாமும் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைத்தோம்.

முதலில் சொற்களைப் பாருங்கள். யன்னல் போர்த்துக்கேயச் சொல். நாம் திறப்பு என்பதை இந்தியாவில் சாவி என்பார்கள், அதுவும் போர்த்துக்கேயம். கதவின் பின்னால் குறுக்கே போடும் திறாங்கும் அப்படித்தான். 1505இல் கரையிறங்கியவர்கள் வீட்டைப் பூட்டும் சாமான்களின் பெயர்களை விட்டுச் சென்றார்கள். கூடவே, அதை உடைக்கும் அலவாங்கின் பெயரையும் விட்டுச் சென்றார்கள்! (1626இல் எமது மூதாதையரைக் கரையோரங்களிலிருந்து துரத்தியதும் அவர்களே. கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியது அதற்குப் பிறகு.)

ஆனால் பழைய காலத்துக் கள்வனுக்குக் கதவு பெரிய விடயமல்ல. மண் சுவர் வீட்டில் கதவோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? சுவரைத் துளைத்தால் போதும். இதைத்தான் கன்னம் வைத்தல் என்றார்கள். அதற்குரிய கருவி கன்னக்கோல். இது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் காணலாம். வீடுடைத்தலுக்கு அது தரும் முதல் உதாரணமே சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விடுவதுதான். கதவிலுள்ள ஓட்டையால் கம்பியை விட்டுக் கொளுக்கியைத் தூக்குவது, வீட்டுக்காரர் தொலைத்த திறப்பைக் கண்டெடுத்துத் திறப்பது என்பனவும் அங்கே வருகின்றன. எமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டதே.

பிறகு கல்வீடுகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் சீமெந்துக் கல்லில் எழுந்தன. சுவர் பலமானதும் கள்வனின் கண் கதவிலும் யன்னலிலும் ஓட்டிலும் விழுந்தது.

பூட்டை மட்டும் நம்புகிறவர்களுக்கு இங்கிலாந்துக் கதையொன்று இருக்கிறது. போர்ட்ஸ்மவுத் கப்பல்துறைக் களவுக்குப் பிறகு 1818இல் ஜெரமையா சப் ஒரு புதுப்பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிராமா என்பவரின் கம்பனி இன்னும் துணிச்சலாக, தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி தருவதாக லண்டன் கடை யன்னலில் எழுதி வைத்திருந்தது. 1851 கண்காட்சிக்கு வந்த ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணித்தியாலம் எடுத்தது. அதையும் திறந்தார். எமதூர்க் கள்வனுக்கு ஹொப்ஸின் பொறுமையெல்லாம் கிடையாது. அவன் பூட்டைத் தொடமாட்டான்; நிலையைத்தான் நெம்புவான். விலையுயர்ந்த பூட்டை வாங்கி, உக்கிய நிலையில் அரை அங்குல ஆணியால் இறுக்கினால் காசுக்குக் கேடு. ஓடாவியைக் கூப்பிட்டு நிலையையும் பிணைச்சலையும் முதலில் பாருங்கள். நிலையைத் தாண்டிச் சுவர் வரை போகும் நீளமான ஆணி போடச் சொல்லுங்கள். பின்பக்கக் குசினிக் கதவை மறக்க வேண்டாம். ஏணியை வெளியே சாத்தி வைக்கவும் வேண்டாம்.

2011 றமழானை எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். கிறீஸ் பூதம் என்ற பயம் கிழக்கிலிருந்து புத்தளம் வரை பரவிய ஓகஸ்ட் மாதம். இளைஞர்கள் இரவிரவாகக் காவல் நின்றார்கள். பெண்கள் தனியே படுக்கப் பயந்தார்கள். காற்றுக்குத் திறந்து கிடந்த யன்னல்கள் மூடப்பட்டன. புத்தளத்தில் அந்தக் கொந்தளிப்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் உயிரே போனது. பயம் வந்த வேகத்தில் போட்ட கம்பிகள் பல வீடுகளில் இன்றும் அப்படியே இருக்கின்றன. கழற்ற முடியாதபடி சீமெந்தில் புதைத்தவை அவை.

எமக்குக் கவலை தருவது இதுதான். 2018 மார்ச்சில் திகனவில் எரிக்கப்பட்ட வீடொன்றிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞனின் ஜனாஸாவை எடுத்தார்கள். வெளியிலிருந்து வருபவனைத் தடுக்கும் கம்பி, உள்ளே இருப்பவரையும் தடுக்கும். காஸ் அடுப்பு, மின்னொழுக்கு, எதுவாகவும் இருக்கலாம். பழைய திறாங்கில் ஒரு நல்ல விடயம் இருந்தது: உள்ளிருந்து தூக்கினால் கதவு திறந்துவிடும், திறப்புத் தேடத் தேவையில்லை. இன்று உள்பக்கமும் ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறோம். வயதான உம்மாமார் இருட்டில் என்ன செய்வார்கள்? கிறில் அடிப்பவர்கள் படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு யன்னல் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கும் விதமாகப் பிணைச்சலுடன் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் காசு போகும், பரவாயில்லை. அதன் திறப்பை வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்க விடுங்கள். ஒருநாள் இரவு லைற்றை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

பழைய வீடு உடைப்பவர்கள் யாரிடமாவது மரத் திறாங்கு இருந்தால் விறகாக்காமல் எமக்கு அறிவியுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட ஒன்று வேண்டும்.