மூன்று பெட்டிகள்

சென்ற வருஷம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஐம்பத்தாறு வீடுகளில் சேருகிற குப்பையில் எதை எதை யார் யாரிடம் கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வர வேண்டும். கதை எழுதுகிறவனுக்குப் பகலில் வேலை ஒன்றும் இராது என்பது சங்கத்தாரின் அபிப்பிராயம். அதை மறுத்துச் சொல்ல என்னிடம் போதிய ஆதாரம் இல்லாததால் ஒப்புக்கொண்டேன்.

பத்து நாள் தெருத் தெருவாக அலைந்தேன். அலைந்தது வீண் போகவில்லை. நாலு சந்து தள்ளி ஒரு காயலான் கடை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஒரு துண்டைச் சிமென்டுத் தரையில் தட்டி, ஓசையைக் கேட்டே இது பித்தளை, இது வெறும் பூச்சு என்று சொல்லிவிடுகிறார். சங்கீத விமர்சகர்களில் அத்தனை நுட்பமான செவி படைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய துணியைக் கிழித்துக் கட்டி, மெக்கானிக் ஷெட்டுகளுக்கு எண்ணெய் துடைக்கக் கொடுக்கிறவர் ஒருவர். கொட்டாங்கச்சியை மூட்டையாக வாங்கிக் கரி சுடுகிறவர்களுக்கு அனுப்புகிறவர் ஒருவர். காய்கறித் தோலை எங்கள் தோட்டத்து மூலையிலேயே மக்க வைத்துவிடலாம் என்று, தெருப் பெருக்க வருகிற ஓர் அம்மாள் சொல்லிக் கொடுத்தார். ஓர் அடுக்கு ஈரக் குப்பை, ஓர் அடுக்கு காய்ந்த சருகு, மேலே கொஞ்சம் மண், முதல் தடவைக்கு ஒரு கை பழைய எரு. வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். "நாத்தம் வந்துச்சுன்னா சருகு பத்தலைன்னு அர்த்தம் சாமி" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வாங்கிய புத்தகம் இரண்டு அத்தியாயங்களில் விளக்கியிருந்தது.

ஜாபிதா தயாரித்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டி முடித்த கையோடு, வேறொரு காகிதத்தை எடுத்து வாசித்தார்கள். ஒரு கம்பெனி எல்லாக் குப்பையையும் தானே எடுத்துக்கொண்டு போகச் சம்மதித்திருந்தது. மூன்று நிறத்தில் மூன்று பெட்டிகளும் அதுவே தரும். ஒரே ஒரு நிபந்தனை: வெளியாள் யாரும் உள்ளே வந்து அதில் எதையும் எடுக்கக் கூடாது. சம்மதமானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அந்த 'வெளியாள்' யார் என்பது மறுவாரம் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு வருகிற பழைய பேப்பர்க்காரரைக் காவல்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் சண்டை போடவில்லை. மாடியைப் பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கும் எனக்கும் ஓர் இலக்கியத் தொடர்பு உண்டு. ஒரு சமயம் அவருடைய கட்டில் என் நாவல் ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் நண்பர் ஒருவருக்கு என் கைப்பட 'அன்புடன்' என்று எழுதிக் கொடுத்த பிரதி. நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "வேணும்னா எடுத்துக்குங்க சார், எடை ஒண்ணும் பெரிசா இல்லே" என்றார். என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் அது மிகவும் சுருக்கமானது.

கை தூக்கிய உறுத்தலோடு புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பாரிஸ் நகரத்து மூன்று பெட்டிகளின் கதை அகப்பட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் குப்பைத் தொட்டியைப் 'பூபெல்' என்கிறார்கள். அது பொருளின் பெயரல்ல, ஒரு மனிதரின் பெயர். யூஜீன் பூபெல் 1831-ம் வருஷம் நார்மண்டியில் பிறந்தவர். சட்டப் பேராசிரியராக இருந்து, பிறகு நிர்வாகத்துக்கு வந்தவர். 1883-ல் பாரிஸ் அடங்கிய ஸேன் மாவட்டத்துக்கு அதிகாரியானார். அந்தக் காலத்தில் பாரிஸுக்குத் தனி மேயர் கிடையாது. ஆகவே கலெக்டர் வேலையும் மேயர் வேலையும் ஒருவரிடமே இருந்தன. பதவிக்கு வந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், நவம்பர் 24-ந் தேதி, ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு கட்டடத்தின் சொந்தக்காரரும் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட பெட்டிகள் வைக்க வேண்டும். அழுகக் கூடியதற்கு ஒன்று. காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று. கண்ணாடி, பீங்கான் உடைசல், சிப்பி ஓடு இவற்றுக்கு ஒன்று. சிப்பி ஓடா என்று கேட்காதீர்கள். பாரிஸ்காரர்கள் சிப்பி தின்கிற வேகம் அப்படி. 1884 ஜனவரி 15-ந் தேதி முதல் அமல்.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய இந்த உத்தரவைப் படித்துவிட்டு, எங்கள் மூன்று பெட்டிகளை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்கு முன்னால் பாரிஸ்காரர்கள் குப்பையை என்ன செய்தார்கள்? வீட்டு வாசலில் தெரு ஓரமாகக் குவித்தார்கள். காலையில் குதிரை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அதற்குள் அந்தக் குவியல் ஒரு பரீட்சைக்கு உள்ளாகிவிடும். முதுகில் பிரம்புக் கூடை, ஒரு கையில் லாந்தர், மறு கையில் நுனி வளைந்த இரும்புக் கொக்கி. இந்தக் கோலத்தில் இராத்திரி முழுவதும் தெருத் தெருவாக நடந்து குப்பையைக் கிளறிப் பொறுக்குகிற ஜனங்கள் பல்லாயிரவர் இருந்தார்கள். 'ஷிஃபோனியே' என்று பெயர். கந்தல் பொறுக்குகிறவர் என்று பொருள். ஓவியர் மானே அவர்களில் ஒருவரை முழு உருவமாக, ஒரு பிரபுவை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

கந்தலுக்கு அப்படி என்ன மவுசு என்று தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவில் காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்துதான் தயாராயிற்று. லினன் கந்தலும் பருத்திக் கந்தலும் இல்லாவிட்டால் காகிதம் இல்லை. காகிதம் இல்லாவிட்டால் பத்திரிகை இல்லை, பத்திரிகை இல்லாவிட்டால் தொடர்கதை இல்லை. பால்ஸாக்கும் டூமாவும் நாள்தோறும் வாசகர்களை அழவைத்ததெல்லாம் யாரோ தூக்கி எறிந்த கிழிசல் சட்டையின் மேல்தான். கந்தலோடு போகவில்லை. எலும்பு பொத்தானாயிற்று, கோந்து ஆயிற்று. கருக்கிய எலும்பைக் கொண்டு சர்க்கரை ஆலைகளில் பாகை வெளுக்கச் செய்தார்கள். எலும்பிலிருந்து எடுத்த பாஸ்பரஸ் தீக்குச்சிக்குப் போயிற்று. சீப்பில் சிக்கிய தலைமயிர் சவுரி செய்கிறவர்களுக்கு. காய்ந்த ரொட்டித் துண்டு கால்நடைகளுக்கு. மத்தி மீன் டப்பா குழந்தைகளின் பொம்மைக்கு. குதிரை வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போனது, இவர்களெல்லாம் வேண்டாம் என்று விட்டுவைத்த மிச்சத்தை. அந்த மிச்சத்தையும் சுற்றுப்புறத்து உழவர்கள் எருவுக்கு வாங்கினார்கள்.

இவ்வளவுக்கும் அவர்களை ஊரார் மதித்தார்களா என்றால், இல்லை. 1828-ல் போலீஸார் ஒவ்வொரு கந்தல்காரரும் பித்தளை வில்லை ஒன்றை அணிந்துதான் தொழில் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். மரியாதைக்காக அல்ல, கண்காணிப்பதற்காக. 1832-ல் பாரிஸில் காலரா கண்டது. பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது கொண்டு போயிற்று. குப்பையை உடனுக்குடன் அகற்ற வேண்டும் என்று அவசரம் அவசரமாகப் புதிய வண்டிகளை விட்டார்கள். அவை வந்தால் பொறுக்க நேரம் எங்கே? கந்தல்காரர்கள் திரண்டு வந்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். அப்போது பாரிஸில் இருந்த ஜெர்மன் கவிஞர் ஹைன் இந்தக் கலகத்தைப் பற்றித் தம் நாட்டுப் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார். வியாதியைக் காட்டிலும் பசி கிட்டத்தில் இருந்த ஜனங்கள் அவர்கள்.

ஐம்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பூபெல் அதே இடத்தில் கை வைத்தார். பெட்டிக்கு மூடி. அதையும் வண்டி வருவதற்குச் சற்று முன்புதான் வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். இராத்திரிக் கொக்கிக்கு இனி வேலை இல்லை. போதாக்குறைக்கு, மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்கிற முறை பரவிக் கந்தலின் விலையும் சரிந்துகொண்டிருந்தது. கந்தல்காரர்கள் கூக்குரலிட்டார்கள். பெட்டி வாங்கும் செலவு தங்கள் தலையில் விழுந்ததே என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. பெட்டிக்கு அதிகாரியின் பெயரையே சூட்டியது இந்தப் பரிகாசம்தான். 1890-க்குள் அது அகராதியிலும் ஏறிவிட்டது. தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பூபெல் எழுதியது ஓர் உத்தரவு.

பூபெலைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் உத்தரவு அமலுக்கு வந்த அதே மாதத்தில், நம் கல்கத்தாவில், ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் காலராக் கிருமியைத் தனித்து எடுத்துவிட்டதாக அறிவித்தார். அந்த வருஷமே தூலோனிலும் மார்ஸேயிலும் காலரா வந்து, பாரிஸுக்கும் பரவியது. அழுகல் தெருவில் கிடக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி நினைத்தால், அதில் தப்பு என்ன? ஊர் சுத்தமாயிற்று. அதை அந்த ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பத்து வருஷம் கழித்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களை நேரே சாக்கடையோடு இணைக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் அவர் காலத்தில்தான்.

ஆனால் உத்தரவின் சாரமான பகுதி, அந்த மூன்று பெட்டி விஷயம், என்ன ஆயிற்று? படுதோல்வி அடைந்தது. ஜனங்கள் கையில் கிடைத்ததைக் கண்ணில் பட்ட பெட்டியில் போட்டார்கள். மூன்று ஒன்றாயிற்று. வீட்டில் பிரிக்கிற பழக்கம் மறுபடி பாரிஸுக்குத் திரும்ப ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. கண்ணாடித் துண்டு கலந்த எருவை எந்த உழவன் விரும்பி வாங்குவான்? பிரிக்கத் தெரிந்த கைகளைத் தெருவிலிருந்து விலக்கிவிட்டு, பிரிக்கத் தெரியாத கைகளிடம் மூன்று பெட்டிகளைக் கொடுத்தார் சட்டப் பேராசிரியர்.

முழுக்க விலக்கினார் என்பதும் சரியல்ல. எதிர்ப்புக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பெட்டியை ஒரு துணி விரிப்பின்மேல் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று அனுமதித்தார்கள். ஒவ்வொரு கட்டடத்துக் காவல்காரியோடும் சிநேகம் வைத்திருந்த கந்தல்காரர்கள் அதனால் பிழைத்தார்கள். கனமான பெட்டியை அவளுக்காக வாசலுக்குத் தூக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். பதிலுக்கு முதல் பொறுக்கு அவர்களுக்கு. அப்படி யாருடைய சிநேகமும் இல்லாமல் இராத்திரி சுற்றியவர்கள்தான் அடியோடு போனார்கள். பலர் கோட்டை மதிலுக்கு வெளியே தகரக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். ஸேந்த்-உவான் என்ற இடத்தில் அவர்கள் தரையில் பரப்பி விற்ற பழைய சாமான்களிலிருந்து வளர்ந்த சந்தைதான், இன்று உல்லாசப் பிரயாணிகள் தேடிப்போய்க் கேட்ட விலை கொடுக்கிற 'தெள்ளுப்பூச்சிச் சந்தை.'

இதைப் படித்த பிறகு நம் நாட்டு விதிகளையும் எடுத்துப் பார்த்தேன். 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, தீங்கு தரக்கூடியது என்று பிரிக்கச் சொல்லின. அங்கேயும் மூன்று! ஆனால் பூபெலுக்குத் தோன்றாத ஒரு விஷயம் அவற்றில் இருந்தது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை ஊராட்சிகளும் நகராட்சிகளும் அங்கீகரித்து இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. அது தானாக வந்த கருணை அல்ல. புனா நகரத்தில் 1993-ல் குப்பை பொறுக்கும் பெண்கள் ஒரு சங்கம் கண்டார்கள். தங்களுக்கு அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டார்கள். நகராட்சி அதை ஒப்புக்கொண்டது. பிறகு வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கும் வேலையை அவர்களுடைய கூட்டுறவே ஏற்றது. பாரிஸில் போலீஸ் மாட்டிய வில்லைக்கும் இந்த அட்டைக்கும் பார்வைக்கு அதிக வித்தியாசம் இராது. ஒன்று பிறர் மாட்டியது, மற்றது தாமே கேட்டு வாங்கியது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பாரிஸ் கதையைச் சொன்னேன். நீளமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிகளின் கதியும் தெரியவந்தது. கம்பெனி ஆள் எங்கள் மூன்று பெட்டிகளையும் ஒரே வண்டியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ப்பதை இரண்டாம் மாடி அம்மாள் பார்த்திருக்கிறார். கதையைக் காட்டிலும் இதற்குத்தான் பலன் இருந்தது. காகிதமும் அட்டையும் மட்டும் பழையபடி வெளியாளுக்கே போகட்டும் என்று தீர்மானித்தார்கள். ஆனால் காவல்காரரிடம் இருக்கும் நோட்டில் அவர் பெயர் பதிவாக வேண்டுமாம்.

என்ன பெயர் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம்! என் வீட்டில் கேட்டேன். "பேப்பர்க்காரர்தான்" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வாசலில் பெயரைச் சொல்லி, நோட்டில் கையெழுத்தும் போட்டார். அழகான கையெழுத்து. தராசில் பேப்பர் பதினொரு கிலோ நின்றது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, இதையெல்லாம் வைத்து ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். "அதுவும் அடுத்த மாசம் எங்கிட்டத்தானே வரும்?"