தங்கச்சிக்கு ஐந்து வயதான நாள்

எங்கட வயதுக்காரரின் வீட்டு அல்பங்களைப் புரட்டினால் 1990க்கும் 1996க்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களைச் சொல்கிறோம். தொட்டிலில் கிடக்கிற படம் ஒன்று, அடுத்த பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு நிற்கிற படம். நடுவில் நாங்கள் நடந்தது, பல் விழுந்தது, சைக்கிள் பழகியது எதற்கும் சாட்சி இல்லை. ஃபிலிம் ரோல் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் கழுவி எடுப்பது அதைவிடப் பெரும்பாடு.

எங்கட வீட்டில் அந்த இடைவெளிக்குள் ஒரேயொரு படம் இருக்கிறது. 1995 மார்ச், தங்கச்சியின் ஐந்தாவது பிறந்தநாள். எல்லாரும் கமராவைப் பார்க்க, அவள் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அவள் பிறந்து மூன்று மாதத்தில், 1990 ஜூனில், சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. போனது என்றால் 2022இல் நீங்கள் கண்ட மாதிரிப் பதின்மூன்று மணித்தியாலம் போய்விட்டு வரவில்லை, வருடக்கணக்காக வரவேயில்லை. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி என்று தடைப்பட்டியல் நீண்டது. மெழுகுதிரியால் என்ன யுத்தம் செய்யலாம் என்று அப்பா கேட்பார். பதில் சொல்ல ஆளில்லை.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறக் கொஞ்ச மண்ணெண்ணெய், உள்ளே ஒரு சின்னத் திரி. காற்றுக்கு நூராது, எண்ணெயும் குறையக் குடிக்கும். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்து படிப்போம். தங்கச்சிக்கு வெளிச்சம் என்றால் அதுதான். சுவரில் இருந்த சுவிச்சை அவள் விளையாட்டுக்குத் தட்டுவாள். அது எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் ஆர் பிறந்தநாள் கொண்டாடினது எண்டு கேட்பீர்கள். கொண்டாடினோம். ஆனால் கேக் வெட்டிக் கொண்டாடுவது எங்கட வீட்டில் பழைய வழக்கமில்லை. அப்பம்மாவுக்குத் தான் பிறந்த திகதியே தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். அந்த நட்சத்திரத்தில் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயாசம், அவ்வளவுதான். கேக்கை அம்மாவின் தலைமுறைதான் வீட்டுக்குள் கொண்டுவந்தது. எங்களுக்கு அதைவிட முக்கியம் பள்ளிக்கூடம். பிறந்தநாள் பிள்ளை மட்டும் கலர்ச்சட்டை போட்டுக்கொண்டு போய், வகுப்புக்கெல்லாம் ரொபி குடுக்கலாம். தடைக்காலத்தில் ரொபி இல்லாவிட்டால் தோடம்பழ இனிப்பு, அதுவும் இல்லாவிட்டால் பனங்கட்டித் துண்டு. பனங்கட்டியைக் கலர்த்தாளில் சுற்றிக் குடுத்தும் இருக்கிறோம். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அடுத்த மாதம் அவரவர் வீட்டிலும் அதுதானே.

1995இன் அந்த மார்ச் கொஞ்சம் வித்தியாசமானது. முதல் வருடம் ஓகஸ்டில் ஆட்சி மாறியது, அதன்பிறகு சில பொருட்களுக்குத் தடை தளர்ந்தது. ஜனவரி 8ஆம் திகதி யுத்தநிறுத்தம் தொடங்கியது. ஏப்ரல் 19இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் தாக்கப்பட்டதோடு அது முடிந்தது. நூறு நாள் சொச்சம். தங்கச்சியின் பிறந்தநாள் சரியாக அந்த நாட்களுக்குள் விழுந்தது.

கொழும்பில் வேலை செய்த மாமா வந்தார். ஆனையிறவுப் பாதை பூட்டு. வவுனியாவில் சோதனை முடித்து, வன்னியால் வந்து, கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். 1993இல் அந்தக் கடலில் படகுகளில் வைத்தே சனம் கொல்லப்பட்டது. யுத்தநிறுத்தம் என்றபடியால்தான் அம்மம்மா அவரை வர விட்டவ. அவரின் பையில் ஒரு அஸ்ரா, வனிலா எசன்ஸ், ஒரு பெட்டி மெழுகுதிரி. கழுத்தில் கமரா, அதற்குள் பாதி முடிந்த ஃபிலிம்.

கேக்குக்கு மா சங்கக்கடை நிவாரணத்தில் மிச்சம் பிடித்தது, முட்டை வீட்டுக் கோழியினது. அடிக்கிறதுக்கு மிசின் இல்லாததால் சீனியையும் அஸ்ராவையும் நாங்கள் முறை வைத்து அகப்பையால் அடித்தோம். தட்டை ஒழுங்கை முகப்பில் இருந்த பேக்கரிக்குக் கொண்டுபோனோம். பாண் இறக்கின பிறகு போறணையில் இருக்கிற சூட்டில் வைத்துத் தந்தார்கள். ஒரு பக்கம் கருகித்தான் வந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம்.

பாட்டு வேண்டுமே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெரியண்ணா கையால் பெடலைச் சுற்றினார். இளையராஜா கசற். அண்ணாவுக்குக் கை உளைய ஜானகியின் குரல் மெல்ல மெல்ல ஆம்பிளைக் குரலாகும். “சுத்தடா சுத்தடா” எண்டு எல்லாரும் கத்த, திரும்பவும் ஜானகி வருவா. அன்றைக்குக் கேக்கை விட இதற்குத்தான் ஒழுங்கைப் பிள்ளைகள் கூடினார்கள்.

ஐந்து மெழுகுதிரி. சாதாரண நீட்டு மெழுகுதிரிதான், கேக்கில் குத்தினால் கேக் பிளந்துவிடும் என்று சுற்றவர நட்டோம். மாமா சொன்னார், “இனி ஊது பிள்ளை.”

தங்கச்சி ஊதவில்லை. எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். பிறகு அப்பம்மாவைப் பார்த்தாள். விளக்கை வாயால் ஊதி நூர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு பின்னேரமும் அவளுக்குச் சொன்னவ அப்பம்மாதான். நூர்ந்த விளக்கைத் திரும்பக் கொளுத்த நெருப்புக்குச்சிக்கு எங்கே போவது? ஒருமுறை ஊதினதுக்கு அவள் அடியும் வாங்கியிருக்கிறாள். இப்ப எல்லாருமாகச் சேர்ந்து ஊதச் சொன்னால்?

“ஊதினால் அடிப்பியள்” எண்டாள்.

கொஞ்சநேரம் ஒருத்தரும் பேசவில்லை. அண்ணா சுற்றுவதை விட்டதால் பாட்டும் நின்றுவிட்டது. அப்பம்மா எழும்பி வந்து, “வேண்டாமணை, விடுங்கோ” என்று சொல்லி, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஈரவிரலால் நூர்த்தா. பிறகுதான் கேக் வெட்டினது. வெட்டுகிற நேரம் மாமா படம் எடுத்தார். அந்த வீட்டுக்குள் ஐந்து வருடத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்ததில்லை. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபிலிம் மாமாவோடு கொழும்புக்குப் போனதால் தப்பியது. பழைய அல்பம் எங்களோடு இருந்ததால் தப்பவில்லை. ஒக்ரோபரில் ‘சூரியக்கதிர்’ இராணுவ நடவடிக்கை தொடங்கி, 30ஆம் திகதி பின்னேரம் வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்தார்கள். நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஒரே றோட்டால், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிப் பக்கம். மழை வேறு. என்ன எடுத்தோம், எதை விட்டோம் என்று இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் நடக்கும்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம் இருந்தோம். முதல் இரவு அம்மா பையைத் துழாவி ஒரு துணி முடிச்சை எடுத்தா. உள்ளே அந்த ஐந்து மெழுகுதிரியும், தலை மட்டும் கொஞ்சம் கருகினபடி. ஒன்றைக் கொளுத்தி வாங்கில் ஒட்டினா. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தவைக்கு இரண்டு குடுத்தது. மிச்ச இரண்டும் எப்ப முடிஞ்சது எண்டு எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.